நம் ஃபிட்டர் சாரின் நினைவாக: கடலூர் பழைய மாணவர்கள் இழை

கெடிலக்கரை ஃபிட்டர் (1983–85 அணி) எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கடலூர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரும்பை ராவிப் பொருத்தும் ஃபிட்டர் தொழிலைக் கற்பித்த நம் ஃபிட்டர் சார் சென்ற வியாழக்கிழமை அதிகாலையில் திருப்பாதிரிப்புலியூரில் தம் வீட்டிலேயே காலமாகிவிட்டார் என்ற செய்தி உங்களில் பெரும்பாலோருக்கு வந்து சேர்ந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்தன்று அவரைப் பற்றி நாம் எழுதியவற்றைத் தொகுத்து, அவர் மனைவியான அம்மாவின் கையில் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். "நல்லவர், வல்லவர்" என்று பொதுவாக எழுதாமல், அவரிடம் நீங்கள் நேரில் கண்டதையும் கற்றதையும் எழுதுங்கள்.

நானே முதலில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறி, வேறு எங்கும் இடம் கிடைக்காமல் தொழிற்பயிற்சிக்கு வந்தவன் நான். முதல் நாள் பட்டறையில் சார் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒவ்வொருவரையும் வைஸ் (இரும்பை இறுகப் பிடிக்கும் பிடிகருவி) அருகே நிறுத்தி, கையை மடக்கி முஷ்டியை முகவாய்க்குக் கீழே வைக்கச் சொன்னார். அப்போது முழங்கை வைஸின் தாடையைத் தொட வேண்டும். அதுதான் அந்த ஆளுக்கு உரிய உயரம். தொடாதவர்களுக்குக் காலடியில் பலகை போட்டார். முழங்கை இடித்த உயரமான பையன் ஒருவனை வேறு பெஞ்சுக்கு மாற்றினார். இருபத்தொரு பேருக்கும் இப்படிப் பார்த்து முடிக்க முற்பகல் முழுவதும் ஆகிவிட்டது. அதுவரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் என் உயரத்துக்கு ஏற்றபடி யாரும் எதையும் சரிசெய்து கொடுத்ததில்லை.

அடுத்த ஆறு வாரங்களும் அரம்தான். முன்னே தள்ளும்போது மட்டுமே அரம் வெட்டும் என்பதையும், பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்குவதைத் தவிர வேறு பயன் இல்லை என்பதையும் அவர் வாயால் சொன்னது ஒரே ஒரு முறைதான். பிறகு நம் பின்னால் வந்து நின்று, நம் கைகளின் மேல் தம் கைகளை வைத்து, நான்கைந்து முறை ராவிக் காட்டுவார். எவ்வளவு அழுத்தம் என்பது அந்தக் கைகளிலிருந்து நம் கைகளுக்கு இறங்கும். ஜாப், அதாவது நாம் ராவும் இரும்புத் துண்டு, முடிந்ததும் ஜன்னலோரம் எடுத்துச் சென்று, செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரின் தகட்டை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே கண் மட்டத்தில் உயர்த்திப் பிடிப்பார். தகட்டுக்கும் இரும்புக்கும் இடையே மயிரிழை அளவு வெளிச்சக் கோடு தெரிந்தாலும், "வெளிச்சம் வருது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த நான்கு சொற்களைக் கேட்காதவர் நம்மில் ஒருவரும் இருக்க மாட்டார்.

நெய்வேலி மெக்கானிக் (1990–92 அணி) எழுதியது:

நான்கு அல்ல, மூன்று சொற்கள்தான் அண்ணா. நானும் அவற்றை எண்ணற்ற முறை கேட்டவன்.

தொழிற்பழகுநராக நெய்வேலிக்கு வந்த முதல் மாதத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் என் பின்னால் வந்து நின்று, நான் ராவுவதைக் கேட்டுவிட்டு, "நீ கடலூரில் படித்தவனா?" என்றார். ஆம், பார்த்துவிட்டு அல்ல, கேட்டுவிட்டுத்தான். சாரிடம் படித்தவர்களின் அரம் கீச்சிடாது. அரத்தின் பற்களுக்கிடையே இரும்புத்தூள் அடைத்துக்கொண்டு பரப்பைக் கீறாமல் இருக்க, சுண்ணக்கட்டியை அரத்தின்மேல் தேய்க்கும் பழக்கம் அவர் கொடுத்தது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி இருக்கும். துணி துவைக்கும்போது என் மனைவி இன்றும் அதற்காகக் கோபித்துக்கொள்வார்.

டர்னர் பிரிவில் அவருடன் பணியாற்றியவன் எழுதியது:

மாணவர்கள் எழுதும் இடத்தில் நான் நுழைவதற்கு மன்னியுங்கள். பத்தொன்பது ஆண்டுகள் பக்கத்துக் கடைசல் பட்டறையில் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மாணவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மாலை மணி அடித்ததும் அவர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மாட்டார் என்பது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கைகளை மரத்தூளும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சைக்கிளை எடுத்துவிடுவார். அக்கறை உள்ள ஆசிரியர் என்றால் மணி அடித்த பிறகும் இருக்க வேண்டாமா என்று நான் பணியில் சேர்ந்த புதிதில் நினைத்ததுண்டு. ஒருமுறை அவரிடமே கேட்டும்விட்டேன். அதற்கு அவர் தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய அப்பா புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது அன்றைய பிரெஞ்சு ஆட்சியின் படையினர் சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். சாரின் அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அந்தக் கூட்டத்தில் இருந்து உயிரோடு திரும்பியவர். அடுத்த ஆண்டே, அதாவது 1937-இல், எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. "அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நான் திருட மாட்டேன். அது முடிந்த பிறகு வரும் நேரம் என் வீட்டுக்கு உரியது. அதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் செத்தார்கள்" என்றார். கிண்டியில் பயிற்றுநர் பயிற்சி முடித்தவர்கள் எங்களில் பலர் இருந்தோம். பாடம் நடத்தும் முறை எங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கடிகாரத்தின் இரு பக்கங்களையும் அவரைப் போல மதித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று காலை வகுப்பில் அந்த 12 பேரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை அவர் பேசியது அந்தப் பத்து நிமிடம் மட்டுமே.

சோனாங்குப்பம் டீசல் மெக்கானிக் எழுதியது:

ஐயா சொன்ன அந்த நேரக் கணக்கை சார் மீறியதை நான் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகான நாட்கள் அவை.

ஆழிப்பேரலை வந்துபோன மூன்றாம் நாள் அவர் எங்கள் குப்பத்துக்குச் சைக்கிளில் வந்தார். படகுகள் வீட்டுக் கூரைகளின்மேல் கிடந்தன. பிணங்களை இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என்ஜினைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் இல்லை. அவரும் முதலில் பேசவில்லை. துக்கம் விசாரித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, "யாரும் என்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வை. கையால்கூட வேண்டாம்" என்றார்.

அதன் காரணம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே கடல்நீரோடு மணலும் புகுந்திருக்கும். இயங்குகிறதா என்று பார்க்கும் ஆசையில் ஒரு சுற்றுச் சுற்றினாலே மணல் பிஸ்டனுக்கும் அது ஓடும் உருளையின் உட்சுவரான லைனருக்கும் இடையில் சிக்கிக் கோடு கிழித்துவிடும். அதன் பிறகு அழுத்தம் நிற்காது. சுற்றாமல் விட்டுவைத்தாலும் உப்பு நாளுக்கு நாள் பேரிங்கைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே காத்திருக்கவும் முடியாது, அவசரப்படவும் முடியாது. மறுநாள் முதல் சார் எட்டுப் பழைய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்ஜெக்டரைக் கழற்று, அடியில் உள்ள எண்ணெயை வடித்துவிடு, என்ஜின் தலையைத் தூக்கு, நல்ல தண்ணீரால் கழுவு, உடனே டீசலால் கழுவு, மணல் ஒரு பொட்டுக்கூட இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மெல்லச் சுற்று, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி அதையும் வடித்துவிட்டு மறுபடி புது எண்ணெய் ஊற்று. இப்படி ஒரு என்ஜினுக்கு ஒரு பகல் போகும். பகலில் பணிக்குப் போய்விட்டு மாலையில் எங்களிடம் வருவார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இரவு பத்து மணி வரை வேலை நடக்கும். சம்பளம் என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை. எங்கள் அம்மா கொடுத்த கட்டஞ்சாயாவை மட்டும் குடிப்பார்.

என் கைத்தொழில் அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தொடங்கியது. நான் எந்த நிலையத்திலும் படித்தவன் அல்லன். இந்த இழையில் எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியாமலேயே எழுதிவிட்டேன்.

கெடிலக்கரை ஃபிட்டர் எழுதியது:

உங்களுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது தம்பி.

மளிகைக்கடைக்காரன் (1986-இல் சேர்ந்தவன்) எழுதியது:

இறந்தவரைப் பற்றி இப்போது இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கண்டதை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் அவரிடம் சேர்ந்து பதினோரு மாதத்தில் நின்றுவிட்டவன். முதல் ஜாப், ஒரு சாதாரணச் சதுரம். அதை அவர் ஐந்து முறை திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது முறை ராவி ராவி அளவே குறைந்துபோய், அது கழிவுப் பெட்டிக்குப் போனது. புது இரும்புத் துண்டு கொடுத்தார். அதுவும் அப்படியே ஆனது. உடன் சேர்ந்தவர்கள் ஆண் பெண் பொருத்தம் (ஒரு துண்டு இன்னொன்றின் வெட்டுக்குள் சரியாக அமரும் ஜாப்) செய்துகொண்டிருந்தபோது நான் இன்னும் சதுரத்தில் நின்றேன். அவர் ஒருநாளும் திட்டவில்லை; அடிக்கவில்லை. ஆனால் "வெளிச்சம் வருது தம்பி" என்பதை நீங்கள் எல்லோரும் அன்போடு நினைத்துக்கொள்கிறீர்கள்; எனக்கு அது இன்றுவரை கனவில் வருகிறது. எனக்குக் கை வராது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு வெளியேறினேன். அப்பா கடையில் உட்கார்ந்தேன். பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் ஓர் இரும்புக் கடையைக் கடந்து போகும்போது எனக்குள் ஏதோ ஒன்று குறைந்துதான் போகிறது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தார் என்று சொல்கிறேன்.

நெய்வேலி மெக்கானிக் எழுதியது:

இரும்பு ஆளைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளாது நண்பரே. நிலக்கரிச் சுரங்க இயந்திரத்தில் அச்சையும் சக்கரத்தையும் பிணைக்கும் ஒரு சாவிக்கட்டை தளர்வாகப் பொருந்தினால் எத்தனை பேர் உயிர் போகும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் அன்று தளர்ந்திருந்தால் நாங்கள் இன்று இருக்கும் இடத்தில் இருந்திருக்க மாட்டோம். துக்க வேளையில் இப்படி எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டர்னர் பிரிவில் அவருடன் பணியாற்றியவன் எழுதியது:

வருத்தப்பட வேண்டாம். கடைக்காரத் தம்பி எழுதியது உண்மை. அதன் மறுபாதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு ஃபிட்டர் பிரிவில் மூன்று பேர் பாதியில் நின்றார்கள். கோடை விடுமுறை முழுவதும் சார் அதையே பேசிக்கொண்டிருந்தார். தம்பி, உங்கள் வீட்டுக்கும் வந்தாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் சரக்கு வாங்க வெளியூர் போயிருந்ததாக உங்கள் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார் என்று என்னிடம் சொன்னார். அடுத்த ஆண்டு அணி வந்தபோது அவர் முறையை மாற்றிவிட்டிருந்தார். முதல் ஜாப்பில் அரை மில்லிமீட்டர் வரை விட்டுக்கொடுத்தார். அடுத்ததில் 0.2, அதற்கடுத்ததில் 0.1, ஆண்டு முடிவதற்குள் 0.04. எல்லோரும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், ஆனால் படி வைத்து ஏறி வந்தார்கள். "பையனுக்குக் காலடியில் பலகை போட்டேன், ஜாப்புக்குப் போட மறந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார். தம் தவற்றை இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆசிரியரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

நெய்வேலித் தம்பியும் கவனிக்க வேண்டும்: நீங்கள் 1990-இல் வந்தவர். உங்களுக்குக் கிடைத்தது அந்த மாறிய முறை.

நெய்வேலி மெக்கானிக் எழுதியது:

இது எனக்குத் தெரியாது ஐயா. கடைக்கார அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பெண் ஃபிட்டர் (2003–05 அணி) எழுதியது:

அந்தப் பலகையைப் பற்றி நானும் சொல்லியாக வேண்டும். எங்கள் அணியில் நாங்கள் இரண்டு பெண்கள். நான் நான்கு அடி பத்து அங்குலம். இருந்த பலகைகள் எதுவும் எனக்குப் போதவில்லை. இரண்டைச் சேர்த்து அடுக்கினால் ஆடும். மறுநாள் காலையில் என் பெஞ்சுக்குக் கீழே புதிதாக ஒரு மேடை இருந்தது. ஓரங்கள் இழைக்கப்பட்டு, சேலையோ துப்பட்டாவோ மாட்டாதபடி ஆணித்தலைகள் உள்ளே அழுத்தப்பட்டிருந்தன. யார் செய்தது என்று அவர் சொல்லவில்லை. தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தபோது, "அவங்க வைஸ் உயரம் அது சார்" என்று மட்டும் சொன்னார். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களை முஷ்டியை முகவாய்க்குக் கீழே வைக்கச் சொல்கிறேன்.

சாரின் மகள் எழுதியது:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நீங்கள் எழுதியவை எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேடை செய்த கதையைக் கேட்டதும், "அந்தப் பலகை நம்ம பழைய கட்டிலோட சட்டம்" என்று அம்மா சொன்னார்.

அப்பா ஐந்தரை மணிக்கு வீட்டில் இருப்பார் என்பது உண்மை. ஆனால் தனியாக வந்த நாட்கள் குறைவு. பின்தங்கிய அண்ணன்கள் இரண்டு மூன்று பேர் பின்னாலேயே வருவார்கள். பின்கட்டில் முருங்கை மரத்தடியில் பலாக்கட்டையில் ஒரு வைஸ் முடுக்கியிருக்கும். அவர்கள் ராவிக்கொண்டிருக்க, அப்பா எனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பார். சத்தம் மாறினால் எழுந்து போய்விடுவார். எனக்கு அது சிறுவயதில் கோபமாக இருந்ததுண்டு, மறைக்க விரும்பவில்லை. அம்மாதான் அவர்களுக்கும் சேர்த்துச் சோறு வடிப்பார். எங்கள் வீட்டின் அரிசிக் கணக்கை ஃபிட்டர் பிரிவின் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அம்மா சொல்வார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் முருங்கையைச் சாய்த்தது. அப்பா ஓய்வுபெற்றுவிட்டிருந்தார். ஊர் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லோர் வீட்டிலும் துருப்பிடித்த ரம்பம் ஒன்று இருந்தது. தீட்டுவதற்கு ஆள் இல்லை. மின்சாரமும் இல்லை. அப்பா வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, முக்கோண அரத்தை வைத்துக்கொண்டு, கொண்டுவந்தவர்களின் ரம்பத்தை எல்லாம் பல் பல்லாகத் தீட்டினார். ஒன்றுவிட்டு ஒரு பல்லை இடமும் வலமுமாகச் சற்று வளைத்துவிட வேண்டும், அப்போதுதான் மரத்தில் ரம்பம் சிக்காது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழு நாட்கள் அப்படி உட்கார்ந்திருந்தார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் தளர்ந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த அன்று மாலை அப்பா அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, நல்ல கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு எங்கே நிற்கிறது என்று சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். படுக்கையறையில், கூடத்தில், குளியலறையில், வாசற்படியில் என்று ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக அளந்தார். தரை மட்டம் இடத்துக்கு இடம் மாறுமாம். பிறகு ஒரு வாரம் இரும்புக் குழாயை அறுத்து, வளைத்து, வீடு முழுவதும் கைப்பிடி அமைத்தார். ஒவ்வோர் இணைப்பிலும் பிசிறு போக ராவி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை கையை எடுக்காமல் தடவிக்கொண்டே நடந்து பார்த்தார். இரண்டு இடத்தில் நின்றார். அந்த இரண்டையும் மறுபடி ராவினார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அப்பாவின் உடலை எடுத்துச் சென்றபோதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசல் வரை வந்தார்.

கடைக்கார அண்ணனுக்கு ஒன்று. அப்பாவின் வருகைப் பதிவு நோட்டுகள் இங்கே இருக்கின்றன. 1986 நோட்டில் நின்றுபோன மூவரின் பெயருக்கு எதிரேயும் ஆண்டு முடியும் வரை கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்; அடித்துவிடவில்லை. உங்கள் பெயரை நான் கண்டுபிடித்தேன் என்றே நினைக்கிறேன்.

மளிகைக்கடைக்காரன் எழுதியது:

தங்கச்சி, அவர் வீட்டுக்கு வந்தது எனக்கு இன்றுதான் தெரியும். அப்பா என்னிடம் சொல்லவே இல்லை. அவரும் இப்போது இல்லை, கேட்பதற்கு.

பதினாறாம் நாளன்று நானும் வரலாமா? சமையலுக்கு வேண்டிய அரிசி, பருப்பு எல்லாம் என் கடையிலிருந்து வரட்டும். இதை மறுக்க வேண்டாம். பின்கட்டில் அந்த வைஸ் இன்னும் இருந்தால் ஒரு துண்டு இரும்பு வைத்து ராவிப் பார்க்கவும் ஆசை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கை நடுங்கத்தான் செய்யும்.

சாரின் மகள் எழுதியது:

அவசியம் வாருங்கள் அண்ணா. வைஸ் இருக்கிறது, தாடையில் எண்ணெய் போட்டு வைக்கிறேன். காலை ஒன்பது மணிக்குள் வந்தால் கூட்டம் இருக்காது. பாடலீஸ்வரர் கோயிலின் தெற்குப் பக்கம் திரும்பி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படியோரம் இரும்புக் கைப்பிடி போட்ட வீடு.